விபத்தில் தலையில் அடிபட்டவரை டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக வீட்டுக்குக் கூட்டி வரலாமா, மறுவாழ்வு மையத்தில் சேர்க்க வேண்டுமா?

கேட்டவர் வேறு விவரம் எதுவும் போடவில்லை. டிஸ்சார்ஜ் தேதி சொல்லிவிட்டார்கள், வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், அந்தக் குழப்பத்தில்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன். முடிந்தால் முதலில் சில வாரமாவது தங்கிப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் சேருங்கள், வீடு அப்புறம். வீட்டு ஆள் ஒருவரும் கூடவே தங்க வேண்டும். நான் டாக்டர் இல்லை. அடிபட்ட ஒருவனுக்கு அக்கா, அவ்வளவுதான்.

தம்பிக்கு கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. தகடு அளந்து வெட்டுவதில் கெட்டிக்காரன். ஓவர்டைம் முடிந்து இரவில் பைக்கில் வரும்போது ஒரு வேகத்தடை தூக்கி எறிந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தானா என்று கேட்பீர்கள். போட்டிருந்தான், வாரை மாட்டவில்லை. ஆனால் அந்த வேகத்தடையில் ஒரு கோடு வெள்ளை பெயின்ட் இல்லை, முன்னால் பலகையும் இல்லை. சாலைகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறையில் இரண்டும் கட்டாயம். எங்கள் ஊர்ப் பக்கம் திருவிழாவுக்கு ஒன்று, கட்சிக்காரர் வீட்டு வாசலுக்கு ஒன்று என்று ராத்திரியோடு ராத்திரியாக மேடு முளைக்கிறது. யார் போட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மனுக் கொடுத்தோம், ஜல்லி கொட்டி இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கோமா அளவு என்று 3 முதல் 15 வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள், குறையக் குறைய மோசம். அவனைக் கொண்டு போனபோது 6. முதல் 48 மணி நேரச் செலவை தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் பார்த்துக்கொண்டது. 2021 டிசம்பரில் வந்த திட்டம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கலே அதற்கு அப்புறம்தான். தொண்டைக் குழாய் எடுத்து, எழுந்து உட்கார ஆரம்பித்ததும் டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்தது. அதில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரே வரி.

கை கால் விளங்கவில்லை என்றால் ஊருக்கே புரியும். இவனுக்கு நெற்றிப் பக்கத்து மூளையில் அடி. நடப்பான், பேசுவான். பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கொடுத்தால் அதைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பான். அடுத்தது என்ன என்று உள்ளேயிருந்து யாரும் சொல்வதில்லை போல. கொஞ்சம் சத்தம் கூடினால் கையில் இருப்பது பறக்கும். பார்க்க வந்த பெரியப்பா, “நல்லாத்தானே இருக்கான், செல்லம் குடுத்துக் கெடுக்கறீங்க” என்றார். மையத்தில் சேர்க்கிறோம் என்றதும் அதே பெரியப்பா, “பெத்தவ உசிரோட இருக்கறப்ப பையனை ஹாஸ்டல்ல தள்றீங்களா?” என்றார். ஆப்பிள் வாங்கி வந்தவர்கள் எல்லோரும் ஒரு தீர்ப்பையும் கூடவே வாங்கி வந்தார்கள்.

எந்த மையம் என்று எழுத மாட்டேன், விளம்பரம் என்பீர்கள். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேலூர் சிஎம்சி, பாகாயத்தில் 1966லிருந்து இப்படியொரு மறுவாழ்வு நிலையம் நடத்துகிறது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நெட்டில் ‘மறுவாழ்வு மையம்’ என்று தேடிப் பாருங்கள், முக்கால்வாசி குடியை நிறுத்தும் இடங்கள்தான் வரும். முதியோர் இல்லத்திலேயே நாலு கட்டில் போட்டுப் பலகை மாட்டியவர்களும் உண்டு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (குளிப்பது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளை மறுபடி பழக்குபவர்) இருக்கிறாரா, வீட்டு ஆள் கூடத் தங்கலாமா என்று முதலில் கேளுங்கள். “நீங்க போயிட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம்” என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

அங்கே அவனுக்குக் கொடுத்த பெரிய பயிற்சி டீ போடுவது. சிரிக்காதீர்கள். பாத்திரம் வை, தண்ணீர் ஊற்று, அடுப்பைப் பற்றவை, தூள் போடு என்று ஒவ்வொரு படியையும் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். முதல் முறை அடுப்பைப் பற்றவைக்காமலேயே தண்ணீர் கொதிப்பதற்காகக் காத்திருந்தான். பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் பெண் வாயைத் திறக்கவில்லை, படத்தை மட்டும் விரலால் தட்டினாள். அவன் திரும்பிப் பார்த்தான், லைட்டரை எடுத்தான். நானாக இருந்தால் அதற்குள் டீயே போட்டுக் கொடுத்திருப்பேன்.

அவன் கற்றதைவிட அவன் மனைவி கற்றது அதிகம் என்பேன். பேசும்போது டிவியை அணைப்பது, ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்வது, கத்தினால் வாதாடாமல் அறையை விட்டு வெளியே வந்துவிடுவது. “அண்ணி, அவரு கோபப்படறதுக்கு முன்னாடி காதைத் தேய்ப்பாரு, அப்பவே குக்கரை இறக்கிருவேன்” என்கிறாள். இதை எந்த சம்மரியில் எழுதுவார்கள்?

பணம் இருப்பவர்கள் பேசும் பேச்சு என்று கமென்ட் வரும். இரண்டு பேர் நகை போனது, அதற்கு மேல் கேட்காதீர்கள். வீட்டில் வைத்தே தேறியவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பணமே இல்லை என்றால் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார். கை காலுக்கு அது போதும், கோபத்துக்கும் மறதிக்கும் போதாது.

திரும்பி வந்த பிறகு தெருவும் வேண்டியிருந்தது. ஐநூறு ரூபாயை நீட்டிவிட்டு மீதி வாங்காமல் வந்துவிடுவான். மளிகைக் கடை அண்ணன் மீதியைக் கவரில் போட்டுப் பேர் எழுதி வைத்திருப்பார். பட்டறை மேஸ்திரி, “வலிப்பு வர்ற ஆளு, வெல்டிங் பக்கம் வேண்டாம்” என்று குஷன் பிரிவில் அரை நாள் உட்கார வைத்தார். இப்போது சீட்டுக்கு உறை மாட்டுகிறான், சம்பளம் பாதிக்கும் கீழே. பைக் சாவியைக் கொடுக்கவில்லை என்று இன்றும் அம்மாவோடு சண்டைதான். முதல் ஆறு மாதத்தில் வேகமாகத் தேறுவார்கள், அப்புறம் மெதுவாகும். அதோடு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவன் மளிகைக் கணக்கைத் தானே பார்க்க ஆரம்பித்தது மூன்றாம் வருடம்தான்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயத்தில் இன்னும் வயிறு எரிகிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016 மொத்தம் 21 வகை சொல்கிறது. விபத்தில் மூளை அடிபட்டதற்கென்று தனி வகை அதில் இல்லை. முகாமில் கையைத் தூக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், “நல்லாத்தானே நடக்கறாரு” என்று அனுப்பிவிட்டார்கள். சலுகைகளுக்குப் பாதிப்பு 40 சதவீதமாவது இருப்பதாகச் சான்று வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் ஞாபகம், கவனம் எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள்.

விபத்து வழக்கு நடந்தால் அதே ரிப்போர்ட் அங்கேயும் உதவும். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான செலவையும் வாழ்நாள் கணக்கில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2020இல், 12 வயதில் மூளை அடிபட்ட ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் அதைக் கேளுங்கள். கடன் நெருக்குகிறது என்று லோக் அதாலத்தில் (சமரசம் பேசி வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) ஏதோ ஒரு தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள், அங்கே முடித்தால் அதன்மேல் அப்பீல் கிடையாது.