கூகிள் பாரத்தில் (Google Forms) சோதனை வைத்தால் பாதி வகுப்பு முழுப் புள்ளி வாங்குகிறது. தாளில் கேட்டால் அதே பிள்ளைகள் திணறுகிறார்கள். மின்னியல் சோதனைக்குக் கேள்விகளை எப்படி அமைப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் டியூஷன் நடத்துவதாகவும், ஐந்தாம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை பிள்ளைகள் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள், டீச்சர். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் விடை பரவுகிறது என்று சந்தேகப்படுகிறீர்கள். பரவத்தான் செய்யும். ஆனால் அதைத் தடுத்தால் மட்டும் சோதனை தேறிவிடாது. பெரும்பாலான மின்னியல் சோதனைகளின் கோளாறு தவறான விடைகளில் இருக்கிறது. சரியான விடையை யோசித்து எழுதுகிறோம். மற்ற மூன்றையும் கைக்கு வந்தபடி நிரப்புகிறோம்.

வேலையைத் தலைகீழாகத் தொடங்குங்கள். பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து, சிவப்பு மை பட்ட இடங்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவறும் ஒரு தெரிவு. ஓர் எடுத்துக்காட்டு:

ஒரு வாளியில் 3.4 லிட்டர் பால் இருக்கிறது. அதில் மேலும் 0.25 லிட்டர் ஊற்றினால் மொத்தம் எத்தனை லிட்டர்?
0.59 / 3.29 / 3.65 / 5.9

3.29 என்று தொடும் பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் உள்ள 4-ஐயும் 25-ஐயும் முழு எண்களாகக் கூட்டியிருக்கிறது. 0.59 என்பது இலக்கங்களை வலது ஓரமாக அடுக்கி, 34-ஐயும் 25-ஐயும் கூட்டியதன் விளைவு. இரண்டு தவறு, இரண்டு வெவ்வேறு மறுபோதனை. முதல் பிள்ளைக்கு இடமதிப்பைத் திரும்ப நடத்த வேண்டும். இரண்டாம் பிள்ளைக்குப் புள்ளிக்கு நேர் புள்ளி வைத்து அடுக்கச் சொன்னால் போதும். 5.9-ஐப் பாருங்கள்: அதுவும் அதே 34, 25 கூட்டல்தான், புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கிறது. புதிதாக எதையும் சொல்லாத தெரிவு; எடுத்துவிடலாம்.

மூன்று தெரிவு போதுமா என்று கேட்பீர்கள். போதும். நான்கு தெரிவுள்ள 20 கேள்விகளில் கண்ணை மூடித் தொட்டால் சராசரியாக 5 சரியாகும். மூன்று தெரிவென்றால் 6 அல்லது 7. அந்த வித்தியாசத்துக்குப் பயந்து, யாருமே தொடாத நான்காவது தெரிவை வைப்பதில் பயனில்லை. யாரும் தொடாவிட்டால் அது ஏற்கெனவே மூன்று தெரிவுக் கேள்விதான். மிச்சமாகும் நேரத்தில் இன்னும் நான்கைந்து கேள்வி சேருங்கள்.

அடுத்து, தமிழ்மொழிச் சோதனைக்கே உரிய ஒரு பொறி. ‘பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுவதற்கு இந்தக் ______ தேவை’ என்று கேட்டு, கத்தி, மங்கு, வாளி, ஏணி என்று கொடுத்தால் ‘இந்தக்’ என்பதில் உள்ள க் விடையைச் சொல்லிவிடுகிறது. வலிமிகும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். ‘பள்ளிக்குச் ______’ என்றால் சகரத்தில் தொடங்கும் வினை எதுவோ அதுதான் விடை. ஒன்று, முந்திய சொல்லையும் தெரிவுக்குள் கொண்டுபோய், ‘பள்ளிக்குச் சென்றான்’, ‘பள்ளிக்குப் போனான்’ என்று முழுதாகக் கொடுங்கள். அல்லது எல்லாத் தெரிவும் ஒரே வல்லினத்தில் தொடங்கட்டும். எண், பால் விகுதிகளும் இப்படித்தான். ‘எவை?’ என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு தெரிவைப் பன்மையில் வைத்தால் பாடமே படிக்காத பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். மிக நீளமான தெரிவு சரியான விடையாக இருப்பதும் நம் எல்லாரிடமும் உள்ள பழக்கம். சரியானதை விளக்கி எழுதத் தோன்றும், தவறானதைச் சுருக்கத் தோன்றும். எழுதி முடித்ததும் நீளத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

தேடினால் கிடைக்கும் கேள்விக்கு வருவோம். ‘ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலம் எது?’ என்று வேதியியலில் கேட்டால் கைப்பேசி ஒரு நொடியில் ஃபார்மிக் அமிலம் என்று சொல்லிவிடும். இப்படி மாற்றுங்கள்: ‘காலையில் சேகரித்த பால் ஆலைக்குப் போய்ச்சேர மாலையாகும். வழியில் உறையாமலிருக்க எதைச் சேர்க்க வேண்டும், ஏன்?’

அமோனியா, அமிலத்தை நடுநிலையாக்குவதால் / அமோனியா, ஹைட்ரஜன் அயனிகளைக் கூட்டுவதால் / ஃபார்மிக் அமிலம், பாக்டீரியாவைக் கொல்வதால்

அமோனியா என்ற பெயர் மட்டும் தெரிந்தவர் இரண்டாவதில் சிக்குவார். பாக்டீரியா உண்டாக்கும் அமிலம்தான் பாலை உறைய வைக்கிறது என்று புரிந்தவர் மட்டுமே முதலாவதைத் தொடுவார். காரணத்தையும் தெரிவுக்குள் வைப்பதுதான் இங்கே சூட்சுமம். உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்று அரைப் பக்கக் கதை எழுத வேண்டாம். நீண்ட கதை வாசிப்பு வேகத்தைத்தான் சோதிக்கும்.

‘மேற்கூறிய அனைத்தும்’ வேண்டவே வேண்டாம். தெரிவு வரிசையைக் கலைக்கும் வசதியைப் போட்டதும் அது நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதே காரணத்துக்காகத் தெரிவுகளின் முன்னால் அ, ஆ, இ என்று தட்டெழுதாதீர்கள். விடை விளக்கத்தில் ‘இரண்டாவது விடை சரி’ என்றும் எழுதாதீர்கள். ஒரு பத்தியைப் படித்து நான்கு கேள்விக்கு விடையளிக்கச் சொல்லும் சோதனையில் கேள்வி வரிசையைக் கலைக்கக் கூடாது. ‘அல்லாதது’ என்று கேட்டே ஆக வேண்டுமென்றால், தெரிவுகளை உடன்பாட்டில் வையுங்கள். இரட்டை எதிர்மறை வந்தால் பாடம் தெரிந்த பிள்ளைதான் முதலில் குழம்பும்.

விடையைத் தட்டெழுதச் சொல்லும் கேள்வி தமிழில் தனித் தலைவலி. ‘ஔவையார்’ என்பதை ‘ஒள’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டினாலும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும்; கணினிக்கு வேறு வேறு. பாரத்தின் விடைத் திறவில் (answer key) ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைச் சேர்க்கலாம், இரண்டையும் போட்டுவிடுங்கள். பணக் கணக்கில் ‘ரிங்கிட்டில், எண் மட்டும்’ என்று கேள்வியிலேயே சொல்லி, எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி அமைத்து, 2.5, 2.50 இரண்டையும் திறவில் வையுங்கள்.

சோதனை முடிந்ததும் சராசரியைப் பார்த்து மூடிவிடாதீர்கள். 30 பேர் எழுதினால், மொத்தப் புள்ளியை வைத்து மேல் 8 பேர், கீழ் 8 பேர் எனப் பிரியுங்கள். ஒரு கேள்விக்கு மேலே 7 பேரும் கீழே 3 பேரும் சரி என்றால், வித்தியாசம் 4, அதை 8-ஆல் வகுத்தால் 0.5. நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே போனால் கேள்வியைத் திரும்ப வாசியுங்கள். கழித்தல் குறி வந்தால் பெரும்பாலும் திறவில் தவறான விடையைக் குறித்திருப்பீர்கள், அல்லது கெட்டிக்காரப் பிள்ளைகள் நீங்கள் பார்க்காத இரண்டாவது பொருளைப் பார்த்திருப்பார்கள். ஏழெட்டுப் பேரே இருக்கும் வகுப்புக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே யார் எந்தத் தவறைத் தொட்டார்கள் என்று பெயர் பெயராகப் பார்ப்பதே மேல்.

இனி விடை பரவும் விஷயம். புள்ளியை உடனே காட்டாமல், பிறகு வெளியிடும்படி அமைத்துவிடுங்கள். அதற்கு மின்னஞ்சல் சேகரிக்க வேண்டியிருக்கும். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற கட்டுப்பாட்டைப் போடுமுன், வேலை முடிந்து வரும் அம்மாவின் கைப்பேசியை அக்காவும் தம்பியும் பகிரும் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே வகுப்பின் சோதனையை எழுதுவது அரிது, ஆனால் இரட்டையரும் உறவுப் பிள்ளைகளும் உண்டு. அம்மாவின் கணக்கிலிருந்து முதலாமவர் அனுப்பியதும் மற்றவருக்குக் கதவு சாத்திவிடும். பிள்ளைகளைத் கல்வி அமைச்சு தந்திருக்கும் தத்தம் டெலிமா (DELIMa) கணக்கில் நுழையச் சொல்லுங்கள். கேள்வித்தாளைப் படம் பிடித்து ஏற்றாமல் எழுத்தாகவே தட்டுங்கள். சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கினால் தெரிவுகள் மறைந்துபோகும், டாப் அப் தீரும் வீட்டில் படம் இறங்கவே இறங்காது.