கேள்வித்தாளை வாங்கியதும் எல்லாம் மறந்துபோகிறது, எனக்கு இதய நோயா?

கேள்வி: பள்ளத்தூரில் இருந்து எழுதுகிறேன் டாக்டர். ப்ளஸ் டூ படிக்கிறேன், பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான். திருப்புதல் தேர்வில் இயற்பியல் கேள்வித்தாளை வாங்கியதும் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருந்தது. பரீட்சை அன்று காலையில் நான்கு தடவை வயிற்றால் போகிறது. டீ குடித்துக் குடித்து ராத்திரி 2 மணி வரை படிக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் அப்பச்சி (அப்பா) தினமும் போனில் மார்க்கைப் பற்றியே கேட்கிறார். படபடப்புக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, போட்டுக்கொள் என்கிறாள் தோழி. போடலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம்மா. தோழி சொல்வது அநேகமாக ப்ரோப்ரானலால் ஆக இருக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து அது, வீசிங் உள்ளவர்களுக்கு ஆபத்தாகிவிடும், டாக்டர் பார்க்காமல் தொடவே கூடாது.

பரீட்சை நேரத்தில் மட்டும் வந்து, முடிந்ததும் தானாகப் போய்விடுகிற படபடப்பு பெரும்பாலும் இதய நோய் இல்லை. பயந்தால் உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. அதனால் நெஞ்சு வேகமாக அடிக்கும், குடல் வேகமாக நகரும், அதுதான் அந்த நான்கு தடவை. விரல் மரத்துப்போவதற்குக் காரணம் வேறு: பதற்றத்தில் உனக்கே தெரியாமல் வேக வேகமாக மூச்சு விட்டிருப்பாய், அப்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல், உதடு எல்லாம் குறுகுறுக்கும், தலை லேசாகச் சுற்றும், உடனே 'ஐயோ எனக்கு என்னமோ ஆகிறது' என்று பயம் இரண்டு மடங்காகும். நீ படித்தது எதுவும் அழிந்துபோகவில்லை. பயம் கொஞ்சம் அடங்கினால் வரும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை இழு, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். பொதுத்தேர்வில் 10 மணிக்குக் கேள்வித்தாளைப் படிக்கவே 10 நிமிடம் தருகிறார்கள் இல்லையா, அதில் முதல் இரண்டு நிமிடத்தை இதற்கு எடுத்துக்கொள். அப்புறம் கேள்வித்தாளைப் புரட்டி, நன்றாகத் தெரிந்த ஒரு சின்னக் கேள்வியைத் தேடி அதையே முதலில் எழுது. ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறை என்றால் இது உதவாது, இன்றிலிருந்தே தினமும் காலை, மாலை ஐந்து நிமிடம் பழகு.

உன் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே கவலை தந்தது அந்த 2 மணிதான். பகலில் படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான், உன் வயதுக்கு 8 மணி நேரமாவது வேண்டும். ராத்திரி 11 மணிக்குக் குடித்த டீயின் காபினில் ஏறக்குறைய பாதி விடிகாலை 4 மணிக்கும் உடம்பில் இருக்கும், மறுநாள் படபடப்புக்கு அதுவும் ஒரு காரணம். மதியத்துக்கு மேல் டீ வேண்டாம், பத்தரைக்குப் படுத்துவிடு. மாசி பங்குனித் திருவிழா மைக் சத்தமும் இந்த நேரத்தில்தான் வரும், அதனால் படுக்கையையும் புத்தகத்தையும் வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டுக்கு மாற்றிக்கொள். வாசலை ஒட்டிய முகப்பில் உட்கார்ந்து படித்தால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் எவ்வளவு மார்க் வரும் என்று கேட்பார்கள், அந்தத் தொல்லையும் இருக்காது.

திரும்பத் திரும்ப வாசிப்பதை இனிமேல் குறைத்துக்கொள். புத்தகத்தை மூடிவிட்டுப் பழைய கேள்வித்தாளை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுது, வாரத்துக்கு இரண்டு தாளாவது எழுது. நாலைந்து தடவை இப்படி எழுதிவிட்டால் கேள்வித்தாள் என்பது பழகின பொருளாகிவிடும். பரீட்சை அன்று அப்பத்தா பாசமாக வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வைத்தால் சாயங்காலத்துக்கு எடுத்து வைக்கச் சொல், காலையில் மூன்று இட்லி போதும், வெறும் வயிற்றோடு மட்டும் போகாதே.

அப்பச்சியிடம் இந்தப் பதிலைக் காட்டு. ஐயா, உங்களிடமும் ஒரு வார்த்தை. அக்கறையில்தான் கேட்கிறீர்கள், எனக்குப் புரிகிறது, ஆனால் அத்தனை தூரத்தில் இருந்து வரும் ஒரே பேச்சு மார்க் என்றால் பிள்ளை போன் மணிக்கே நடுங்கும். இந்த மூன்று வாரம் 'சாப்பிட்டியா, தூங்கினியா' என்று மட்டும் கேளுங்கள். ஒரு பாடம் போனாலும் அதே வருஷம் துணைத் தேர்வு இருக்கிறது.

சரி, எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்? பரீட்சை இல்லாத நாளிலும் படபடப்பு வந்தால், மயக்கம் வந்தால், ஓடும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு வலித்தால் தள்ளிப்போடாதே. உன் வயதுப் பெண்களுக்கு ரத்தசோகையாலும் தைராய்டாலும் இப்படி வருவது உண்டு, ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் மருந்து தேவைப்படும். இந்தச் சனிக்கிழமையே அம்மாவோடு காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வா. வாழவே பிடிக்கவில்லை என்கிற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால், அது நடுராத்திரியாக இருந்தாலும், அம்மாவை எழுப்பிச் சொல். அரசு உதவி எண்களான 104க்கோ 14416க்கோ கூப்பிடலாம், இலவசம்தான், எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள்.