எந்த மூலை?

கேள்வி: அமெரிக்காவில் ஏதோ ஒரு மூலையில் பியானோ செய்துகொண்டிருந்த ஜெனட் குடும்பத்தின் குட்டி ரெக்கார்டு கம்பெனி, விக்டர் மாதிரி பெரிய கம்பெனியோடு எப்படி மோதி ஜெயித்தது? (ஜாஸ் பிரியர், பொள்ளாச்சி)

பதில்: எந்த மூலை ஐயா? ஈசானியமா, அக்னியா, கன்னியா? சும்மா மூலை என்று எழுதினால் இந்தப் பக்கத்தின் பரம வைரிகளான வாஸ்து நிபுணர்கள் உங்களையும் விடமாட்டார்கள். எங்கள் ஆபீஸ் கழிவறை ஈசானிய மூலையில் இருப்பதால்தான் விற்பனை படுத்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, முதலாளி அதை இடித்தார். விற்பனை எழுந்திருக்கவில்லை. நாங்கள்தான் எட்டு மாதம் எதிர் டீக்கடையின் பின்கட்டுக்கு நடையாய் நடந்தோம்.

அந்த நிபுணரை இண்டியானா மாநிலத்து ரிச்மண்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஜெனட்காரர்களின் ஸ்டார் பியானோ தொழிற்சாலை இருந்தது ஒயிட்வாட்டர் ஆற்றங்கரைப் பள்ளத்தில். அதற்குள் நீளமாக ஒரு மரக் கொட்டகை. அதுதான் ஸ்டூடியோ. ஒட்டினாற்போல் தண்டவாளம். சத்தத்தைத் தடுக்கச் சுவர்களுக்கு நடுவே மரத்தூள் அடைத்திருந்தார்கள். கூட்ஸ் வண்டி மரத்தூளுக்கா பயப்படும்? வண்டி வந்தால் வாசிப்பு நிற்கும், போனதும் முதலிலிருந்து. பாட்டைப் பதியும் மெழுகுத்தட்டு இளகியிருக்க வேண்டும் என்று அறையைச் சூடாக வேறு வைத்திருந்தார்கள். பள்ளம், ஆறு, ரயில், வெக்கை! நம் ஆள் வாசலிலேயே மயங்கியிருப்பார்.

அங்கே 1923 ஏப்ரல் 5-ஆம் தேதி சிகாகோவிலிருந்து ஜாஸ் வித்வான் கிங் ஆலிவரின் குழு வந்து இறங்கியது. மைக் வராத காலம். வாசிப்பது அத்தனையும் ஒரு கூம்புக் குழாய்க்குள் புகுந்து, ஊசியை அசைத்து, மெழுகில் கோடு கிழிக்க வேண்டும். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளும் என்பதால் பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். கார்னெட் (டிரம்பெட்டின் தம்பி) ஊத இரண்டு பேர். குரு ஆலிவர் குழாய்க்குப் பக்கத்தில். 21 வயது சிஷ்யன் ஊதினாலோ குரு காணாமல் போகிறார். தள்ளி நில், இன்னும் கொஞ்சம் தள்ளி என்று அவனைப் பத்துப் பதினைந்தடிக்கு அப்பால் ஒதுக்கிவிட்டார்கள். பையன் முகம் வாடி நின்றதை, பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்பாடு சொல்லியிருக்கிறார். (அடுத்த வருஷம் அவனையே கல்யாணமும் செய்துகொண்டார்.) பையன் பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங், பிற்பாடு ஜாஸ் உலகத்தின் பெரிய நட்சத்திரம். நீங்கள் சொன்ன மூலை இதுவென்றால் மேற்படி கோபத்தை வாபஸ் வாங்குகிறேன்.

இங்கே இன்று கல்யாண மண்டபத்தில் தவிலுக்கே மைக் வைக்கிறார்கள். தவிலுக்கு! அதன் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டால் பாயசம் வருகிறது. இதை முன்பே ஒருமுறை எழுதி, சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். திரும்பவும் எழுதுகிறேன்.

விக்டர் விஷயம் சின்னது. ஊசி மேலும் கீழுமாக அசைவது ஒரு வகைத் தட்டு, பக்கவாட்டில் அசைவது இன்னொரு வகை. பக்கவாட்டு முறைக்கு நாங்களே பாத்தியதை என்று விக்டர் வழக்குப் போட்டது. 1922-இல் மேல்முறையீட்டிலும் ஜெனட் பக்கமே தீர்ப்பு. அதன்பிறகு மற்ற குட்டிக் கம்பெனிகளுக்கும் பயம் விட்டது. பியானோ விற்ற காசு வக்கீலுக்குப் போனால் நீதி கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ரொம்பவும் கொண்டாடிவிடாதீர்கள். காசு கொடுத்தவருக்கெல்லாம் தட்டு அச்சடித்துக் கொடுத்த கம்பெனி அது. கறுப்பர்களைக் கண்டாலே ஆகாத கு க்ளக்ஸ் க்ளான் கும்பலின் பாட்டுகளும் கறுப்பரான ஆம்ஸ்ட்ராங்கின் வாசிப்பும் அதே தொழிற்சாலையில்தான் தட்டாயின. தேர்தல் மாதத்தில் எங்கள் விளம்பரப் பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள், அதனால் நான் கல்லெறியப் போவதில்லை.

1930-களின் பொருளாதார மந்தத்தில் ரெக்கார்டு கம்பெனி படுத்தது. தொழிற்சாலையில் மிஞ்சிய ஒரு கட்டடம் இன்னும் அந்தப் பள்ளத்தில் நிற்கிறது. வாசல் எந்தத் திசை என்று மட்டும் அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள்.