கோச்சு வண்டியில் ஏறலாமா?

கேள்வி: என் மகள் நீட் எழுதி 720க்கு 412 எடுத்திருக்கிறாள். இன்னும் ஒரு வருடம் கோச்சிங்கில் சேர்த்தால் 600 கேரண்டி என்கிறார்கள். ஹாஸ்டலோடு சேர்த்துக் கட்ட வேண்டுமென்றால் நிலத்தை அடகு வைக்க வேண்டியிருக்கும். கோச்சிங்கால் உண்மையிலேயே மார்க் ஏறுமா?
(பெயர் வேண்டாம் என்கிற தந்தை, தருமபுரி மாவட்டம். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம்.)

பதில்: உங்களுக்குச் சொல்வதற்கு முன் ஒரு பழைய பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் ‘கோச்சிங்’ என்று வரும்போதெல்லாம், ‘பயிற்றகம் என்று எழுத உமக்கு என்ன கேடு?’ என்று போஸ்ட்கார்டு போடும் நண்பர் ஒருவர் தஞ்சாவூரில் இருக்கிறார். அவர் கார்டு வாங்கக் கிளம்புவதற்குள் முந்திக்கொள்கிறேன்.

கோச் தமிழ்ச் சொல் இல்லைதான். ஆனால் ஆங்கிலத்துக்கும் அது வந்த பிள்ளை. ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் ஆசாரிகள் செய்த வண்டிக்கு நல்ல பேர். ஊர்ப்பெயரே வண்டிப்பெயராகி ஐரோப்பா முழுக்க ஓடி, நம் ஊரில் கோச்சு வண்டியாக வந்து நின்றது. 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேறாத பையனைப் பரீட்சை வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிற டியூஷன் வாத்தியாருக்கு இந்த வண்டியின் பெயரை வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர், ஐயா. இன்று அதைத்தான் இருபதடி போர்டில் எழுதி லைட் போட்டிருக்கிறார்கள். ‘பயிற்றகம்’ என்று மாற்றினால் இந்தக் கிண்டல் போய்விடும். அதனால்தான் நான் விடுவதாயில்லை.

இன்னொரு கோச் நம்மிடமே உண்டு. கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறைகள் பலவற்றின் போர்டில் ‘கோச் பில்டர்ஸ்’ என்றுதான் இருக்கும். நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள்: என்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டுமான வெறும் சேஸிஸ், முன் கண்ணாடி கூடக் கிடையாது, டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காற்றைக் குடித்தபடி ஓட்டி வருவார். பட்டறையில் தகடு அடித்து, சீட் மாட்டி, பெயின்ட் பூசி, டிரைவர் தலைக்கு மேலே சாமி படம் ஒட்டி அனுப்புவார்கள். அருமையான வேலை. ஆனால் எந்தப் பட்டறைக்காரரும் என்ஜினுக்கு கேரண்டி தருவதில்லை. அது சேஸிஸோடு வந்தது, எங்கள் கையில் இல்லை என்பார். நீட் பட்டறைக்காரர்கள்தான் உங்கள் வீட்டு என்ஜினுக்கும் சேர்த்து கேரண்டி தருகிறார்கள்.

அந்த கேரண்டி சட்டத்துக்கும் ஆகாது. ரேங்க், மார்க் உத்தரவாதம் தரக்கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் போட்டது. அதே வருடம் நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் கோச்சிங் விளம்பரங்களுக்கு விதி கொண்டுவந்தது. உங்களிடம் 600 என்று சொன்னவரை, தன் லெட்டர்பேடில் அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அப்புறம், 600 என்பதற்கு வருடத்துக்கு வருடம் மதிப்பு வேறு. 2024இல் 720க்கு 720 எடுத்தவர்கள் என்று முதலில் அறிவித்தது 67 பேரை. அடுத்த வருடம் இந்தியாவிலேயே முதல் மார்க் 686தான். 2024இல் 600ஐத் தாண்டியவர்கள் பல பத்தாயிரம் பேர். 2025இல் சுமார் 1,300 பேர். சீட் கிடைப்பது ரேங்கில், மார்க்கில் இல்லை. அடுத்த வருடத்துக் கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று தெரியாமல் மார்க்கைச் சொல்கிறவர் ஜோசியம் சொல்கிறார்.

சரி, மார்க் ஏறுமா? ஏறும். நீட்டின் விளைவுகளை ஆராய்ந்த ஏ.கே. ராஜன் குழு அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில், பிளஸ் டூ முடித்த பிறகு மறுபடி எழுதியவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம். 2020-21இல் 71.42 சதவீதம். கூடுதல் வருடம் வேலை செய்கிறது. பிள்ளையை அந்த ஒரு வருடம் வீட்டில் உட்கார வைத்துப் படிக்க வைக்க வசதி இருக்கிறவர்களுக்கு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. இந்தத் தேர்வின் மீது என் கோபமே அதுதான். அதை ஏற்கெனவே பல தடவை எழுதியாகிவிட்டது.

நான் பார்த்த ஒரே நல்ல கோச் எங்கள் ஊர் டைப்ரைட்டிங் மாஸ்டர். லோயர் என்கிற முதல்நிலை டைப்ரைட்டிங் பரீட்சையில் ஒருமுறை கோட்டை விட்டுவிட்டு அவரிடம் திரும்பிப் போனேன். நிமிடத்துக்கு 30 வார்த்தை அடிக்க வேண்டும். மாஸ்டர் பாடமே நடத்த மாட்டார். பழைய கேள்வித்தாளைக் கொடுப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், அடித்ததை வாங்கித் தப்பை மட்டும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். மறுநாள் அந்த வட்டங்களை மட்டும் அடிக்க வேண்டும். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவிருந்தது என்று 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். மாஸ்டருக்கு அது சிவப்புப் பென்சிலிலேயே தெரிந்திருந்தது. ஃபீஸ் பாக்கிக்கும் அதே பென்சில்தான்.

உங்கள் வீட்டில் அந்தப் பென்சிலுக்கு ஆகும் செலவு ஐந்து ரூபாய். மகளின் விடைத்தாள் பிரதியையும் விடைகளையும் எடுத்துக்கொண்டு அவளோடு உட்காருங்கள். உயிரியலுக்கு 360, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 180. போன 308 மார்க் எங்கே போனது? தெரியாமல் போனது, தெரிந்தும் தப்பியது, நேரமில்லாமல் விட்டது என்று பிரியுங்கள். இழப்பில் பெரும்பகுதி இயற்பியலில் என்றால், பக்கத்து ஊர் இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் பழைய கேள்வித்தாள்களும் போதும். எத்தனை கேள்வியை வெறுமையாக விட்டாள் என்றும் எண்ணுங்கள். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1, நான்கு விடைகள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாகக் கேள்விக்குக் கால் மார்க் லாபம். இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டுக் குறித்தால் ஒன்றரை. நெகட்டிவ் மார்க் என்று பயமுறுத்தியே பிள்ளைகளைக் கைகட்ட வைத்துவிட்டோம்.

நிலத்தை அடகு வைக்காதீர்கள். இதற்கு மேல் இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

உங்கள் முழுக் கடிதம் ஒன்றரைப் பக்கம். நிலத்தின் சர்வே எண் வரைக்கும் இருக்கிறது. மகள் ஒரே ஒரு வரியில் வருகிறாள், அதுவும் 412ஐத் தூக்கிக்கொண்டு. இன்னொரு வருடம் எழுத அவளுக்கு இஷ்டமா என்று கடிதத்தில் தேடினேன், இல்லை. அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். அதற்கு உடனே பதில் போடுகிறேன்.

தஞ்சாவூர் நண்பருக்கு: ‘சேஸிஸ்’ஸும் தமிழ் இல்லை என்று எனக்குத் தெரியும். கார்டு வேண்டாம்.