பெங்களூரில் எழுதிய உயில், மதுரைக்குக் குடிவந்த பிறகு செல்லுமா?

செல்லும். நீங்கள் போட்ட கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் ஒழுங்காக இருந்தால், ஓசூரைத் தாண்டியதால் உயில் காலாவதியாகாது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் அங்கேயும் இங்கேயும். (முஸ்லிம்களுக்கு விதி வேறு.)

இருந்தாலும் புதிதாக எழுதிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம், சாட்சிகள்.

எங்கள் அப்பா பெங்களூரில் வேலை பார்த்தபோது உயில் எழுதிப் பதிவும் செய்தார். சாட்சிகள், கூட வேலை பார்த்த இரண்டு பேர். ஓய்வு பெற்று மதுரை திருநகருக்கு வந்தபின் பதினான்கு வருஷம் அந்தக் காகிதம் பீரோவிலேயே கிடந்தது. அவர் காலமானதும் என் தம்பி ஆட்சேபம் கிளப்பினான். பதிவான உயில்தானே என்று நான் தெனாவெட்டாக இருந்தேன். வக்கீல் சிரித்தார். வழக்கு என்று வந்துவிட்டால், பதிவு செய்த உயிலுக்கும் சாட்சிகளில் ஒருத்தராவது கோர்ட்டில் ஏறிச் சொல்லியாக வேண்டுமாம். ஒருவர் ஏற்கெனவே இறந்துவிட்டார். இன்னொருவர் ஹூப்ளியில், மகள் வீட்டில். தேடிப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நகலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கையெழுத்து என்னுதுதான் தம்பி. எதுக்குப் போட்டேன்னுதான் தெரியல."

இரண்டு சாட்சியும் கிடைக்காவிட்டால் அப்பாவின் கையெழுத்தையும் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் நிரூபிக்க வழி இருக்கிறது. அது வருஷக்கணக்கில் இழுக்கும். தம்பிக்கு மாடிப் போர்ஷனை விட்டுக்கொடுத்து முடித்தோம்.

நானும் பெங்களூரில் உயில் எழுதி வைத்தவன்தான். போன வருஷம் தல்லாகுளத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் புதிதாக எழுதினேன். அவர் முதலில் கேட்டதே, "சாட்சிக்கு உங்களைவிட வயசு கம்மியான ஆளாக் கூட்டிட்டு வாங்கண்ணே, உள்ளூரா இருக்கட்டும்." எதிர்வீட்டுப் பையனும் எங்கள் டாக்டரும் வந்தார்கள். பழைய உயிலின் பதிவு எண், வருஷம் போட்டு, அதை ரத்து செய்கிறேன் என்று ஒரு வரி கட்டாயம் சேர்த்துவிடுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்திருந்தால், அசல் தொலைந்தாலும் நகல் எடுக்கலாம்.

பேங்க், இன்சூரன்ஸில் நாமினி போட்டாச்சே என்று இருந்துவிடாதீர்கள். இன்சூரன்ஸ் நாமினி பணத்தை வாங்கிக்கொடுக்கிற ஆள்தான், சொந்தக்காரர் இல்லை என்று 1984இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் இன்சூரன்ஸ் பணம் அவர்களுக்கே என்று ஆக்கினார்கள்; மற்றவர்களுக்குப் பழைய விதிதான்.

எக்சிகியூட்டராக, அதாவது உயிலில் எழுதியதை நிறைவேற்றுகிறவராக, பெங்களூர் நண்பர் யாரையாவது போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். நான் என் தம்பியைத்தான் போட்டிருக்கிறேன்.