தாத்தா போரில்தான் இறந்தார்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜப்பானியர் காலத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டி, குடும்பத்தில் யாராவது போரில் இறந்திருந்தால் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். என் அப்பாவைப் பெற்ற தாத்தாவை 1943இல் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. கூடப் போய்த் திரும்பிய ஒருவர், “வாந்திபேதியில் போய்விட்டார்” என்று பாட்டியிடம் சொன்னாராம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் மகள், “அப்படியென்றால் அவர் நோயில்தானே இறந்தார், போரில் இல்லையே? காலரா போர் இல்லாத காலத்திலும் இருந்ததே” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பாட்டி கடைசிக் காலத்தில் எங்களோடு உட்லண்ட்ஸ் வீட்டில் இருந்தார். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். “இது சிங்கப்பூர்த் தண்ணீர், அப்படியே குடிக்கலாம் அம்மா” என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியும் கேட்டதில்லை. ஏனோ அது இப்போது நினைவுக்கு வருகிறது. மகளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

*

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தாத்தா போரில்தான் இறந்தார். மகளிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் அவள் கேட்டது கெட்டிக்காரக் கேள்வி. “போர் என்றால் அப்படித்தான்” என்று மழுப்பிவிடாமல் முழுப் பதிலையும் அவளுக்குத் தர வேண்டும்.

காலரா போருக்கு முன்பும் இருந்தது உண்மை. நம் முன்னோர் கப்பலேறி வந்த ஊர்களையும் அது பலமுறை சூறையாடியிருக்கிறது. ஆனால் அந்தக் கிருமி உங்கள் தாத்தாவிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று பாருங்கள். முதலில் போர் வந்தது. ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டத்தில் வேலை இல்லை, கூலி இல்லை. இறக்குமதியை நம்பியிருந்த நாட்டில் அரிசி அருகிப்போய், மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு ஆனது. ‘தயாமின்’ என்ற சத்து அதில் மிகக் குறைவு என்பதால் பெரிபெரி வந்து கால்கள் வீங்கின. அந்தக் குறை உடம்போடு இருந்தவர்களைத்தான் நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லி ஏற்றிப்போனார்கள். பலரைச் சொல்லாமலே பிடித்துப்போனார்கள். தெம்பாக இருந்த ஒருவரைக் கிருமி வீழ்த்திய கதையில்லை இது. சயாமுக்குப் புறப்படும் முன்பே அவரைப் பாதி கொன்றுவிட்டார்கள்.

அவர்களைக் கொண்டுபோனது ஒரு ரயில்பாதை போடுவதற்காக. சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். கடல்வழி ஆபத்தாகிவிட்டதால், பர்மா போர்முனைக்குத் தளவாடம் அனுப்ப ஜப்பானிய ராணுவத்துக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். அந்த அவசரம் உச்சத்தில் இருந்தபோதுதான், 1943 மழைக்காலத்தில், முகாம்களில் காலரா பரவியது. மழையில் கழிவுக் குழிகள் நிரம்பி வழிந்தன. மேலே இருக்கும் முகாமின் கழிவு ஆற்றில் கலக்கும். கீழே இருக்கும் முகாம் அதே ஆற்றில் மொள்ளும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பிழைக்கலாம். அதற்குப் பானை வேண்டும், காய்ந்த விறகு வேண்டும், அடுப்பு மூட்டிக் காத்திருக்க நேரம் வேண்டும். விடிவதற்கு முன் கிளம்பி இருட்டியபின் திரும்பும் மனிதருக்கு இந்த மூன்றில் எது இருந்தது?

காலரா எப்படிக் கொல்லும் என்பதை மகளிடம் மறைக்காதீர்கள், அவளுக்குப் புரியும் வயதுதான். கடுமையாகக் கண்டவர்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட உடம்பிலிருந்து நீர் வெளியேறும். கஞ்சித் தண்ணீர் போல வெளுப்பாகப் போகும். கண்கள் குழிவிழும், குரல் அடைத்துப்போகும், கெண்டைக்கால் முறுக்கி இழுக்கும், விரல் நுனிகள் நாளெல்லாம் துணி துவைத்தவரின் விரல்களைப் போலச் சுருங்கிவிடும். காலையில் நடந்து போனவர் மறுநாள் இருக்கமாட்டார். கடைசி வரை நினைவு தப்பாமல் இருப்பவர்களும் உண்டு. அதை நினைக்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன். அதே ஆறு, அதே மழை, அதே கிருமி. அந்தப் பாதையில் 60,000க்கும் அதிகமான நேச நாட்டுப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர் என ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் வரை இருந்திருக்கலாம் என்றும், இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். கைதிகளும் பட்டினியும் அடியும் பட்டவர்கள்தான். ஆனால் அவர்களோடு ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்காத தண்ணீரைத் தொடாதே, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கி எடு என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். ஆற்று நீரைக் காய்ச்சி வடித்து, உப்புக் கரைத்து, மூங்கிலைச் சீவி ஊசியாக்கி, அந்த உப்புநீரை நரம்பில் ஏற்றி ஆட்களைக் காப்பாற்றினார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து மருத்துவர்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பியபோது 1943இன் பாதி கடந்துவிட்டது. கிருமி ஒன்றாக இருந்தும் சாவு இப்படி வேறுபட்டது என்றால், கிருமியை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

காப்பாற்றக்கூடிய மருந்து எவ்வளவு எளிது என்பதுதான் இதில் மனத்தை அறுக்கிறது. 1971இல், வங்கதேசப் போரின்போது, எல்லையோரத்து பன்காவ் ஊரின் சிறிய மருத்துவமனை காலரா கண்ட அகதிகளால் நிரம்பியது. நரம்பில் ஏற்ற உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனபிஸ் என்ற மருத்துவர் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் வைத்தார். வீட்டார் குவளையில் பிடித்து நோயாளிக்கு வாய்வழியே கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று நம் பேட்டைக் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் உப்புநீர்க் கரைசலை உலகம் நம்ப ஆரம்பித்தது அந்த அகதிகளின் படுக்கையோரத்திலிருந்துதான்.

மருந்து கையில் வந்த பிறகும் கதை மாறவில்லை. ஏமனில் 2016இலிருந்து அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. குப்பை அள்ளுபவர், பம்பு இயக்குபவர், தாதி எல்லோரும் அதில் அடக்கம். மறு ஆண்டில் மட்டும் பத்து லட்சம் பேருக்குமேல் காலரா இருப்பதாகச் சந்தேகித்தார்கள். அந்தப் போரில் 2021 முடிவுக்குள் 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஐநா வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினர் குண்டடி பட்டு இறந்தவர்கள் அல்லர். பசியிலும், நோயிலும், சிகிச்சை கிடைக்காமலும் போனவர்கள். அவர்களையும் உங்கள் தாத்தாவையும் நான் ஒரே வரிசையில்தான் வைக்கிறேன்.

மகள் பிப்ரவரி 15க்காக, சிங்கப்பூர் சரணடைந்த நாளை நினைவுகூரும் தினத்துக்காக, எழுதுகிறாள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 1942இல் இந்தத் தீவு சரணடைந்ததற்கும் தண்ணீர் ஒரு பெரிய காரணம். ஜனவரி 31 அன்று ஜோகூரோடு தீவை இணைத்த பாலத்தை உடைத்தபோது ஜோகூர்க் குழாயும் அறுந்தது. பிறகு குண்டுவீச்சில் நகரத்துக் குழாய்கள் சிதறி, இருந்த தண்ணீரும் தெருவில் ஓடியது. அகதிகளால் பிதுங்கிய நகரத்தில் குடிநீர் இல்லையென்றால் அடுத்து என்ன வரும் என்று அப்போதிருந்தவர்களுக்குத் தெரியும். நொவீனாவில் தொற்றுநோய் மருத்துவமனை இருந்த சாலைக்கு மோல்மீன் என்று பெயர். பர்மாவில் அந்த ரயில்பாதை போய் முடிந்ததும் மோல்மீன் நகரத்துக்குத் தெற்கேதான். டான் டோக் செங் மருத்துவமனைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

போர் நடக்கும்போது ஒன்றுமே செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் மகள் அதையும் நம்ப வேண்டாம். இலங்கையில் 1990களில், இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்த சில நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து போனது. அதே இலங்கை, இருபத்தாறு ஆண்டுப் போரைக் கடந்து, 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. காஸாவில் 25 ஆண்டுகளுக்குப் பிறகு போலியோ தலைகாட்டியபோது, 2024 செப்டம்பரில் பகுதி பகுதியாகச் சண்டையை நிறுத்தி, ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிகிறது. சயாம் பாதையிலும் பானையும் விறகும் கொடுக்க நினைத்திருந்தால் கொடுத்திருக்கலாம்.

உங்கள் பாட்டியின் வெள்ளைத் துணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். கணவர் எதனால் இறந்தார் என்பது பாட்டிக்கு யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து உட்லண்ட்ஸ் அடுப்படியிலும் அவர் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். கட்டுரையை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கிராஞ்சி போர் நினைவிடத்துக்கும் அழைத்துப்போங்கள். உடல் கிடைக்காத வீரர்கள் 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அங்கே சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். இந்திய வீரர்களின் பெயர்களும் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அங்கே இடமில்லை, அவர் எந்தப் படையிலும் சேராதவர். உங்கள் கடிதத்திலும் தாத்தாவின் பெயர் இல்லை என்பதைக் கவனித்தேன். குளுவாங்கில் வயதான உறவினர் யாராவது இருந்தால் சீக்கிரம் போய்க் கேளுங்கள்: அவர் பெயர் என்ன, தோட்டத்தின் பெயர் என்ன, கூடப் போய்த் திரும்பி வந்தவர் யார். கிடைத்ததை எனக்கும் எழுதுங்கள்.