கைடு கேப்டன்களின் கேள்விகள்: கயிறு, நிழல், ரவை உப்புமா

சென்னைப் பள்ளிகளில் கைடு கம்பெனி (சாரணியர் குழு) நடத்தும் ஆசிரியைகள், அதாவது கைடு கேப்டன்கள், கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சோபான் என்ற படிநிலைப் பாடத்திட்டம் எல்லோரிடமும் இருக்கும். அதனால் செய்முறையில் எங்கே சறுக்கும் என்பதற்குத்தான் இங்கே அதிக இடம்.

அம்பத்தூர்: மேடம், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் 40 நிமிஷம்தான் தருகிறார்கள். 32 பேர் இருக்கிறார்கள். வரிசையில் நிறுத்துவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

வரிசையில் நிறுத்துவது உங்கள் வேலை இல்லை, பேட்ரோல் (சிறு குழு) லீடரின் வேலை. எட்டெட்டுப் பேராக நான்கு பேட்ரோல் பிரித்துவிடுங்கள். லாட வடிவில் நிற்பது, கொடி, பிரார்த்தனை எல்லாம் 5 நிமிஷம். உடனே 5 நிமிஷம் ஓடுகிற விளையாட்டு ஒன்று. கடைசி பீரியடில் பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள், பாடத்தை முதலில் வைத்தால் ஏறாது. பிறகு 20 நிமிஷம் பேட்ரோல் மூலை (ஒவ்வொரு பேட்ரோலும் தனித்தனியாகக் கற்கும் நேரம்), 7 நிமிஷம் பேட்ரோல்களுக்குள் போட்டி, 3 நிமிஷம் கொடியிறக்கம்.

அந்த 20 நிமிஷத்தில் நீங்கள் வாயே திறக்கக் கூடாது. லீடர்தான் தன் பேட்ரோலுக்குச் சொல்லித் தர வேண்டும். அதற்கு அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டுமே! வியாழக்கிழமை மதிய இடைவேளையில் லீடர்கள் நால்வரையும் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருக்கும் செகண்டுகள் நால்வரையும் கூப்பிட்டு 15 நிமிஷம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாத கம்பெனியில் கேப்டன் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பெரம்பூர்: ரீஃப் முடிச்சு போடச் சொன்னால் பாதிப் பேருக்கு அது தப்பாகி கிரானி முடிச்சாகிறது. என்ன கயிறு வாங்குவது, அக்கா?

8 மி.மீ. பருத்திக் கயிறு, ஆளுக்கு 2 மீட்டர். பாரிமுனைக் கயிற்றுக் கடைகளில் மொத்தமாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம். நைலான் வேண்டாம், வழுக்கும். வெட்டிய நுனியை அன்றைக்கே நூலால் இறுகச் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரிந்துகொண்டே போகும்.

ஒரு பாதிக்கு சிவப்புச் சாயம் ஏற்றிவிட்டால் தப்பு எங்கே என்று பிள்ளைகளுக்கே தெரியும். சிவப்பை வலக்கையில் பிடித்து, வலதை இடதின் மேல் போட்டுச் சுற்றியதும், கையில் இருக்கும் நிறம் மாறிவிடுகிறது. இரண்டாம் முறையும் வலது கையிலேயே ஆரம்பித்தால் கிரானி. "சிவப்பு மேலே, மறுபடியும் சிவப்பு மேலே" என்று சொல்லிக்கொண்டே போடட்டும். சரியான ரீஃப் முடிச்சில் நுனி, தன் கயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். கிரானியில் நுனிகள் குறுக்கே துருத்தி நிற்கும்.

ரீஃப் தட்டையாகப் படியும், அதனால் முக்கோணக் கட்டுத் துணிக்கு ஏற்றது. பாரம் தாங்க வேண்டிய இரண்டு கயிறுகளை அதனால் இணைக்கக் கூடாது. கயிறுகளின் தடிமன் வேறுபட்டால் ஷீட் பெண்ட் என்ற முடிச்சு.

தாம்பரம்: முகாமில் கட்டிய பாத்திர மேடை மறுநாள் காலையில் ஆடுகிறது. எங்கே தப்பு?

மூன்று இடத்தில் தேடலாம்.

முதலில் கம்பு. சென்னையில் நமக்குச் சுலபமாகக் கிடைப்பது சவுக்கு. பச்சைச் சவுக்கு காய்ந்து சுருங்கும், பட்டையும் உரியும், கட்டு தளரும். பட்டை சீவிக் காய்ந்த கம்பாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து கயிறு. சணல் கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். மழையில் நனைந்த கயிற்றால் மாலையில் கட்டியது மறுநாள் வெயிலில் ஆடத்தான் செய்யும். நீளமும் முக்கியம். இரண்டு கம்புகளின் குறுக்களவைக் கூட்டி, அங்குலத்துக்கு மூன்று அடி என்று கணக்கு வையுங்கள். இரண்டு அங்குலக் கம்பு இரண்டு என்றால் 12 அடி, அதாவது 4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கயிறு போதாமல்தான் பெரும்பாலும் கடைசிச் சுற்றைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

கடைசியாகக் கை. சதுரக் கட்டில் (இரண்டு கம்புகளைக் குறுக்காக இணைக்கும் கட்டு) நிற்கும் கம்பில் குறுக்குக் கம்புக்குக் கீழே க்ளோவ் ஹிட்ச் முடிச்சு போட்டு ஆரம்பியுங்கள். சுற்றும்போது குறுக்குக் கம்பில் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்கு வெளிப்பக்கமாகவும், நிற்கும் கம்பில் உள்பக்கமாகவும் படிய வேண்டும். கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. மூன்று சுற்று போதும். அதன்பின் இரண்டு கம்புகளுக்கும் நடுவே கயிற்றையே நெரிக்கிற சுற்று இரண்டு. கட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒருத்தி கம்பைப் பிடிக்க, இன்னொருத்தி கயிற்றைக் குச்சியில் சுற்றிக்கொண்டு காலை ஊன்றி இழுக்கட்டும். குறுக்குக் கம்பில் க்ளோவ் ஹிட்ச் போட்டு முடியுங்கள்.

அண்ணா நகர்: கைக்கடிகாரத்தை வைத்துத் திசை பார்ப்பதைச் சொல்லிக் கொடுத்தேன். மே மாதத்தில் எல்லாருக்கும் தப்பாக வந்தது. ஏன்?

பிள்ளைகள் மேல் தப்பில்லை. மணி முள்ளைச் சூரியனுக்கு நேராக வைத்து, அதற்கும் 12-க்கும் நடுவே தெற்கு என்பது, நண்பகலில் சூரியன் தெற்கே நிற்கும் ஊர்களுக்கான வழி. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நாட்களில் அது வடக்கே நிற்கும், நண்பகல் நிழல் தெற்கே விழும். கோடை முகாமில் கடிகாரத்தை நம்பினால் தலைகீழ்தான்.

குச்சி நிழல் முறை ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். சமதரையில் மூன்றடிக் குச்சியை நேராக நடுங்கள். நிழல் நுனியில் ஒரு கல். 20 நிமிஷம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. முதல் கல்லில் இடக்கால், இரண்டாவதில் வலக்கால் வைத்து நின்றால் முகம் வடக்கே பார்க்கும். காலை 10-லிருந்து 2-க்குள் செய்தால் பிழை குறைவு.

நிழலில்லா நாளையே ஒரு கூட்டமாக வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 24 அன்று 12 மணி 7 நிமிஷ வாக்கில் நேராக நிறுத்திய தண்ணீர் பாட்டிலின் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். சூரியனை நிமிர்ந்து பார்க்க விடாதீர்கள்.

இரவில் துருவ நட்சத்திரம் காட்டுகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போனால் ஏமாற்றம்தான். இங்கே அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் இருக்கும், நீட்டிய கையில் ஒரு முஷ்டியும் கொஞ்சமும். எதிர் பிளாட் மறைத்துவிடும்.

வேளச்சேரி: எட்டுப் பேர் பேட்ரோலுக்கு விறகு அடுப்பில் என்ன சமைக்கலாம்?

ரவை உப்புமா. 200 மி.லி. டம்ளரில் ரவை 4, தண்ணீர் 10, வெங்காயம் கால் கிலோ. ரவையை வீட்டிலேயே வறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். தண்ணீர் கொதித்ததும் முதலில் விறகை வெளியே இழுக்க வேண்டும், பிறகுதான் ரவை. இதை மறந்தால் அடி பிடிக்கும். ஒருத்தி தூவ, ஒருத்தி கிளற வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் கட்டி தட்டும்.

மூன்று செங்கல் அடுப்பின் வாய் காற்று வரும் பக்கம் இருக்கட்டும். பாத்திரத்தின் வெளிப்புறம் ஈரச் சாம்பல் பூசினால் கரி தேய்ப்பது சுலபம். துப்பட்டாவைக் கழற்றிவிட்டு, பின்னலைக் கொண்டையாகக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்த பிறகே தீக்குச்சி.

ராயபுரம்: கிம் விளையாட்டு எத்தனை பொருள்?

இது ஞாபக விளையாட்டு: 24 பொருள், ஒரு நிமிஷம் பார்வை, பிறகு நினைவிலிருந்து 16 எழுதினால் தேர்ச்சி. 

போரூர்: மாதவிடாய் நாள் வந்துவிடும் என்று முகாமுக்கு அனுப்பவே தயங்குகிறார்கள். என்ன ஏற்பாடு சொல்லலாம்?

ஆளுக்கு இரண்டு நாப்கின் உபரியாக, பழைய செய்தித்தாளோடு, கழிப்பறைக்குள்ளேயே வையுங்கள். உங்களிடம் கேட்டு வாங்குகிற மாதிரி இருக்கக் கூடாது, கேட்க மாட்டார்கள். மூடியுள்ள குப்பைத்தொட்டி, உள்தாழ்ப்பாள், இரவு விளக்கு மூன்றையும் முகாம் நடக்கும் இடத்தைப் பார்க்கப் போகும்போதே சரிபாருங்கள். பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் போதும்: எங்கே படுப்பார்கள், கூட இருக்கும் பெண் தலைவிகள் யார், எத்தனை மணிக்கு வீட்டுக்கு போன். சமையல் டூட்டியிலிருந்து அந்தப் பெண்ணை விலக்காதீர்கள். அவளுக்கு முடியவில்லை என்றால் அவளே சொல்லட்டும்.

பெசன்ட் நகர்: ஆமை நடைக்குக் கூட்டிப் போகலாமா?

பெரிய பெண்களை மட்டும். பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை முட்டையிட வரும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினரோடு நள்ளிரவில் மணலில் ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். டார்ச்சும் போன் வெளிச்சமும் அணைத்திருக்க வேண்டும், ஆமைக்கு வெளிச்சம் ஆகாது.

கொளத்தூர்: ஐப்பசி மழையில் கயிறெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது, மேடம்.

பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுவதால்தான். நிழலில் காயவைத்து, தளர்வாகச் சுருட்டி, ஸ்டோர் ரூம் ஆணியில் தொங்கவிடுங்கள். கறுத்துப்போன கயிற்றை முறுக்கிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் அது பயிற்சிக்கும் வேண்டாம்.